இன்னாசியின் போல்ட்டுகள்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். காம்பு ஒன்று விடாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தொண்டையில் குத்தும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறது. அமலி அக்கா சொன்னதை இப்போது சொன்னால்தான் உண்டு.

அமலி அக்கா எங்கள் மாடி வீட்டில் குடியிருக்காங்க. முழுப் பெயர் அமலோற்பவம். அவங்க வீட்டுக்காரர் இன்னாசிமுத்து துவாக்குடியில் ஒரு டிசைன் ஆபீஸில் கம்ப்யூட்டரில் மிஷின் படம் போடுகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸ் செய்து செய்து, இந்தத் தவக்காலத்தில் இறந்துபோனார். அக்காவும் கல்யாணத்துக்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் அதே படிப்புப் படித்தவங்கதான். அதனால் அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே அக்காவை உட்காரவைத்தார்கள்.

அங்கே எல்லோருக்கும் வேலை பிரித்துக்கொடுத்து, அக்காவுக்குச் சொல்லியும் கொடுக்கிறவங்க நூர்நிஷா மிஸ். அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவங்க. அக்கா அவங்களை மிஸ் என்பாங்க. அவங்க அக்காவை அக்கா என்பாங்க.

நான் அந்த ஆபீஸைப் பார்த்ததில்லை. குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மிஷின் படம் என்றால் முழு மிஷினையும் ஒரேயடியாக வரைவதில்லையாம். தகடு தனி, ஏணி தனி, மோட்டார் தனி, போல்ட்டு தனி என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டருக்குள் செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று பொருத்துவார்கள். அதற்கு அசெம்பிளி என்று பெயர். அந்த அசெம்பிளியை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று ஒரு பெரிய தாளில் இறக்குவார்கள். அதுதான் டிராயிங். பட்டறைக்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மிஷினை நிறுத்துவார்கள்.

இன்னாசி அண்ணன் விட்டுப்போனது நெல் காயவைக்கிற மிஷின். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு. மாடி வீடு உயரத்துக்கு நிற்கிற மிஷின். அசெம்பிளியை முடித்துவிட்டார். டிராயிங் பாதியில் நின்றுவிட்டது.

தாளின் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரைந்தது யார் என்று அதில் பெயர் இருக்கும். இன்னாசிமுத்து என்று இருந்தது. மிச்சத்தை முடித்து அந்தப் பெயரோடு தாளைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் படம் நகரவே இல்லை. ஃபைலைத் திறந்தால் வட்டம் சுற்றும். ஒரு கோட்டைத் தள்ளிவைத்தால் வட்டம் சுற்றும். ஒரு அளவு எழுதினால் வட்டம் சுற்றும். சில நேரம் சுற்றிச் சுற்றி எல்லாம் மூடிக்கொண்டு, முதலிலிருந்து திறக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் மதியழகன் என்று ஒரு பையன். வேலையில் கெட்டிக்காரன், வாய்க்காரன்.

"அக்கா, உங்க படம் திறக்குறதுக்குள்ள நெல்லு தானாவே காஞ்சிரும்" என்றான்.

அக்கா சிரித்தாங்க. ஆபீஸில் அக்கா எல்லாவற்றுக்கும் சிரிப்பாங்களாம்.

ஒரு நாள் நூர்நிஷா மிஸ்ஸிடம் கேட்டாங்க.

"மிஸ், இந்தப் படம் ஏன் இவ்வளவு மெதுவா வருது?"

மிஸ் தன் நாற்காலியை விட்டு எழுந்தாங்க.

"இங்க வந்து உக்காருங்க. இருக்குறதுலயே வேகமான கம்ப்யூட்டர் இதுதான். இதுல திறந்து பாருங்க."

அக்கா திறந்து பார்த்தாங்க. வட்டம் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. ஆனாலும் சுற்றியது. மிஸ் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. டீ வந்தது. டீ ஆறியது.

"என்ன தெரிஞ்சுது?"

"கம்ப்யூட்டர் மேல தப்பில்ல மிஸ்."

"அப்ப உங்க எடத்துக்கு வாங்க."

அவ்வளவுதான்.

மறுநாள் மிஸ் அந்த டிராயிங்கை, வரைந்து முடிந்தவரைக்கும், பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்தாங்க. பாய் மாதிரி விரித்தார்கள். மிஸ் ஒரு பூதக்கண்ணாடியை அக்காவின் கையில் கொடுத்தாங்க.

"மோட்டார் எங்க இருக்கு காட்டுங்க."

அக்கா காட்டினாங்க. கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

"அதுல பேர்ப்பலகை?"

அக்கா குனிந்து தேடினாங்க. ஒரு புள்ளி தெரிந்தது.

"இதுவாத்தான் இருக்கும்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"எங்க மிஸ் படிக்கிறது, புள்ளியால்ல இருக்கு."

"அதுக்குள்ள எழுத்து எல்லாம் இருக்குக்கா. மோட்டார் கம்பெனிக்காரன் குடுத்ததை அப்படியே உள்ள வச்சிருக்கோம். எழுத்து, உள்ள சுத்துற இறக்கை, கம்பி வர்ற ஓட்டை, எல்லாம். தாள்ல ஒண்ணும் தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவை நீங்க கோடு இழுக்கும்போதும் கம்ப்யூட்டர் அத்தனையையும் படிச்சிட்டுத்தான் வருது."

அக்கா பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தாங்க.

"பாவம்" என்றாங்க.

"யாரு?"

"கம்ப்யூட்டர்தான்."

மிஸ் முதல் தடவையாகச் சிரித்தாங்களாம்.

அன்றைக்கே மோட்டாரின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கூடு மட்டும் வைத்தார்கள். அக்காவுக்கு அதில் மனக்கஷ்டம் இல்லை. மோட்டார் கம்பெனிக்காரன் கொடுத்தது, இன்னாசி அண்ணன் செய்ததல்ல.

பிறகு ஏணி. பிறகு தகடுகள். அவற்றை எடுக்கவில்லை. மேல்வடிவம் மட்டும் வருகிற மாதிரி வைத்தார்கள். உள்விவரம் எல்லாம் உறங்கிக்கொண்டிருக்கும், தொட்டால்தான் எழுந்து வரும்.

அக்காவுக்குப் பயம்.

"தொடலேன்னா போயிடுமா மிஸ்?"

"எங்க போகும்? தொடுங்க."

அக்கா ஏணியைத் தொட்டாங்க. படிகள், பற்றவைத்த இடங்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

"இப்பக் கையை எடுங்க. அது தூங்கட்டும்."

ஒரு கோடு மாறியதும் தாள் முழுவதும் தானாக மறுபடி வரைந்துகொள்கிற பழக்கத்தையும் மிஸ் நிறுத்திவைக்கச் சொன்னாங்க. வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவை வரையச் சொன்னால் போதுமாம். இன்னாசி அண்ணன் மிஷினைப் பல இடத்தில் வெட்டிக் காட்டியிருந்தார், உள்ளே எப்படி இருக்கிறது என்று. பட்டறைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேறு தாளுக்கு மாற்றினார்கள்.

படம் கொஞ்சம் நகர ஆரம்பித்தது.

"அக்கா, இப்ப டீ ஆறுறதுக்குள்ள வந்துருது" என்றான் மதியழகன்.

"வாயக் கழுவு. நல்ல வார்த்தை சொல்லேன்டா" என்றாங்க அக்கா.

"நல்ல வார்த்தைதான்க்கா. முன்னாடி டீக்கடையே மூடிருவான்."

ஆனால் கடைசியில் தாள் முழுவதையும் வரையச் சொன்னபோது, பழையபடி வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி மூடிக்கொண்டது.

மிஸ் வந்து நின்று பார்த்தாங்க. மிஷினின் ஒரு மூலையைப் பெரிதாக்கினாங்க. இன்னும் பெரிதாக்கினாங்க. ஒரு போல்ட்டு வந்து திரை முழுவதும் நின்றது.

அதில் மரை இருந்தது. வெறும் கோடாக இல்லை. நிஜ போல்ட்டில் இருக்கிற மாதிரியே, திருகித் திருகி ஏறுகிற மரை, மேடும் பள்ளமுமாக.

மதியழகன் எட்டிப் பார்த்தான்.

"அய்யோ, யாரு இது? மரையை வரைஞ்சு வச்சிருக்கிறது? காலேஜ்ல மொத வருசத்துப் பசங்க பண்ற வேலை. போல்ட்டுக்கு ஒரு உருளை போட்டு, பக்கத்துல அளவு எழுதிட்டுப் போகவேண்டியதுதான்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. காதில் பாட்டுக் கேட்கிற குழாயை மாட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

ஒரு அளவுக்கு ஒரு போல்ட்டு செய்தால் போதும், அதையே வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த இடத்துக்கெல்லாம் அந்த மரையும் கூடவே போகும். இன்னாசி அண்ணன் குட்டை போல்ட்டு, நெட்டை போல்ட்டு, தடித்தது, மெலிந்தது என்று எல்லாவற்றுக்கும் மரை போட்டிருந்தார். நட்டுக்கு உள்ளே கண்ணுக்கே தெரியாது, அங்கேயும் போட்டிருந்தார். நெல் மிஷின் முழுவதும் அந்த போல்ட்டுகள்தான். தாளில் ஒரு கோடு விழ வேண்டும் என்றால், ஒவ்வொரு போல்ட்டிலும் ஒவ்வொரு சுற்றும் முன்னால் தெரிகிறதா பின்னால் மறைகிறதா என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்க வேண்டும்.

"இந்த மரையைக் கணக்குல சேராம நிறுத்தி வைக்கணும்க்கா" என்றாங்க மிஸ்.

"அது மட்டும் வேண்டாம் மிஸ்."

"ஏன்?"

"அவர் போட்டது."

"ஏணியும் அவர் போட்டதுதான்."

அக்கா அந்த போல்ட்டைத் திரையில் சின்னதாக்கினாங்க. மிஸ் தன் இடத்துக்குத் திரும்பினாங்க.

மறுநாள் அக்கா வேறு ஒரு வழி கண்டுபிடித்தாங்க. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு மறைத்துவைத்தாங்க. எடுக்கவில்லை, அழிக்கவில்லை, மறைத்துவைத்ததுதான். காலையில் ஆரம்பித்தது சாயந்திரம்தான் முடிந்தது. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம்.

திரையில் இப்போது ஒரு போல்ட்டு இல்லை. நெல் மிஷின் மொழுமொழு என்று நின்றது.

அக்கா தாளை வரையச் சொன்னாங்க.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிஸ்! இங்க வாங்களேன். போல்ட்டே இல்ல பாருங்க. அப்பவும் சுத்துதே?"

மிஸ் வந்து திரையைப் பார்த்தாங்க.

"போல்ட்டு எல்லாம் எங்க?"

"மறைச்சிட்டேன்."

"யாருக்கு?"

அக்காவுக்குப் புரியவில்லை.

"உங்க கண்ணுக்கு மறைச்சீங்களா, கம்ப்யூட்டருக்கு மறைச்சீங்களா?"

அக்கா திரையைப் பார்த்தாங்க.

"மறைச்சது எதுவும் கம்ப்யூட்டர் தலையிலேருந்து எறங்கலக்கா. உள்ள அப்படியே இருக்கு. அது மறைஞ்சிருக்குங்கிறதையும் சேர்த்து இப்ப ஞாபகம் வச்சுக்கணும் அது."

அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போல, "பாப்பா தூங்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மாடி ஏறினாங்க. அண்ணன் இறந்த அன்றைக்குக்கூட அக்கா அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு எல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாங்க.

அந்த வாரம் முதலாளி லோகநாதன் சார் வந்தார். நல்ல மனிதர்தான். அக்காவின் மேசை அருகில் நின்று, சங்கடத்தோடு பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"அமலாம்மா, குறுவை அறுப்புக்குள்ள மிஷின் நிக்கணும். பட்டறையில தகடு வந்து எறங்கிருச்சு. தாளு இல்லாம அவன் எங்க வெட்டுவான்?"

"முடிச்சிடறேன் சார்."

"நீயும் பாடுபடுறதைப் பாக்குறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. ஆகலேன்னா மதி புதுசா வேற அசெம்பிளி போட்டுருவான். சுலபமா, போல்ட்டு கீல்ட்டு எல்லாம் சும்மா உருளையா வச்சு. அவன் கைக்கு அது ஒரு வேலையே இல்ல."

"அப்ப இது?"

"எது?"

"இவர் போட்டது, சார்."

லோகநாதன் சார் பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"ஒரே மிஷினுக்கு ரெண்டு படம் எதுக்கும்மா?" என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை.

புதுப் படம் என்றால் மூலைக் கட்டத்தில் மதியழகன் பெயர்தான் வரும். அது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, நானா கேட்கல" என்றான்.

"தெரியும்டா."

"வேணும்னா அண்ணன் பேரையே போட்டுடறேன்."

"நீ வரைஞ்சதுக்கு அவர் பேரை எதுக்குப் போடுறது? அவருக்கே புடிக்காது."

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா போகவில்லை. நூர்நிஷா மிஸ்ஸும் போகவில்லை. மிஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு போல்ட்டும் நட்டும் எடுத்து வந்தாங்க. இரும்புக் கடையில் வாங்கியது, எண்ணெய் பிசுபிசுத்தது. அக்காவின் உள்ளங்கையில் வைத்தாங்க.

"பொருத்துங்க."

அக்கா நட்டைத் திருகினாங்க. வழுக்கிக்கொண்டு ஏறியது.

"பட்டறையில இதைப் பொருத்துறவங்களுக்கு நம்ம தாள்லேருந்து என்ன வேணும்?"

"எத்தனை தடிமன், எத்தனை நீளம், எங்க மாட்டணும்."

"மரை?"

"மரை கடையிலேயே போட்டுத்தானே மிஸ் வருது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. போல்ட்டை மேசையில் வைத்துவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயைப் புடவை முந்தியில் துடைத்தாங்க. வெள்ளைப் புடவையில்லை, நீலப் புடவைதான், ஆனாலும் கறை விழுந்தது. துடைத்துக்கொண்டே இருந்தாங்க.

"மிஸ், உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். இந்தக் கேள்வியை நான் யார்கிட்டயும் கேட்கல."

"கேளுங்க."

"இருவது வருசமா இதே வேலை பார்த்தவர். மரை போடக்கூடாதுன்னு எனக்கு இப்பத் தெரியுது, மதிக்குத் தெரியுது. அவருக்குத் தெரியாதா? கடைசியில ரத்தத்துல உப்பு ஏறுனா மூளைக்குப் போகும்னு டாக்டர் சொன்னார். எங்கிட்ட நல்லாத்தான் பேசிட்டு இருந்தார். ஆனா இந்த போல்ட்டைப் பார்க்கப் பார்க்க..." அக்கா நிறுத்தினாங்க. "அவருக்குப் புத்தி தடுமாறிப் போச்சா மிஸ்? நான்தான் பக்கத்துலயே இருந்து கவனிக்காம விட்டுட்டேனா?"

மிஸ் ஒரு நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாங்க.

"அவர் அதை எங்க வச்சுப் போட்டார்?" என்று கேட்டாங்க.

"வீட்லதான். டயாலிசிஸ் இல்லாத நாள்ல. ஆபீஸ் லேப்டாப் குடுத்தீங்கள்ல, அதுல."

"நீங்க?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? பார்த்துட்டு இருப்பேன். மரை கீழேருந்து சுத்தி சுத்தி மேல ஏறும். 'எத்தனை சுத்து ஆச்சு சொல்லு'ம்பார். நான் எண்ணிச் சொல்லணும். நடுவுல வேணும்னே ஒரு சுத்தைக் கோணலா விடுவார், நான் முழிச்சிருக்கேனா தூங்குறேனான்னு பார்க்க. கண்டுபிடிச்சிட்டா சிரிப்பார். கண்டுபிடிக்கலேன்னாலும் சிரிப்பார். 'உன்னை நம்பி மிஷின் குடுத்தா மில்லே ஆடிப்போகும்டி'ம்பார்." அக்கா மேசையைப் பார்த்தே சொன்னாங்க. "எங்களுக்குக் கல்யாணமாகி அப்படி உக்காந்ததே இல்ல மிஸ். எப்பவும் அவருக்கு வேலை, ஓவர்டைம். எனக்கு அடுப்படி."

அது எனக்கும் தெரியும். அந்த மாதங்களில் மத்தியான வேளையில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நோயாளி வீட்டில் என்ன சிரிப்பு என்று எங்கள் அத்தை முணுமுணுப்பாங்க.

மிஸ் மேசையிலிருந்த போல்ட்டை எடுத்தாங்க. நட்டைக் கழற்றவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டாங்க.

"அவருக்குப் புத்தி தடுமாறலக்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

"மரை போடச் சொன்னதே நான்தான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாங்க.

"அசெம்பிளியை அவர் பொங்கலுக்கு முன்னாடியே முடிச்சிட்டார். டிராயிங்கும் பாதி. அவர் கைக்கு மிச்சம் ஒரு வாரத்து வேலை. எனக்கு போன் பண்ணி, இதை அப்படியே வச்சிடறேன், வேற வேலை குடுங்கன்னார். போல்ட்டுக்கு எல்லாம் மரை போடுங்கன்னேன்."

"வேண்டாத வேலைன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

"அவருக்கு?"

"அவருக்குத் தெரியாதா? எனக்கு மரை போடக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்ததே அவர்தான். போன்லயே சிரிச்சார். 'சரிங்க மிஸ், நல்லாப் போடுறேன்'னார்."

அக்காவின் முகம் மாறியது. கோபமா, வேறு எதுவுமா என்று அக்காவுக்கே சொல்லத் தெரியவில்லை.

"சாகப் போறவரை வச்சு ஏன் மிஸ் அப்படி ஒரு வேலை வாங்கணும்? படத்தைக் கெடுத்துட்டுப் போனார்னு பேரு வாங்கவா? இப்ப அந்த மரையாலதான் படமே நகரல. அவர் பேரே போகப்போகுது. வேற ஏதாவது உருப்படியா குடுத்திருக்கலாம்ல? ஏன் அதைக் குடுத்தீங்க?"

மிஸ் போல்ட்டை அக்காவின் முன்னால் வைத்தாங்க.

"வேற வேலை ரெண்டு மூணு சொன்னேன்க்கா. எதையும் வேணாம்னுட்டார். 'அமலி பக்கத்துல வந்து உக்காருறா மிஸ். சீக்கிரம் முடியாத வேலையா ஒண்ணு குடுங்க'ன்னார்."

அக்கா அந்த போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாங்க.

வெளியே சாப்பிட்டு வருகிறவர்கள் செருப்புச் சத்தம் கேட்டது. மிஸ் எழுந்து தன் இடத்துக்குப் போனாங்க. அக்கா கையிலிருந்ததை மேசையில் வைத்தாங்க. பிறகு மறைத்துவைத்த போல்ட்டுகளை எல்லாம் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாங்க. முதல் போல்ட்டைப் பெரிதாக்கி, அதன் மரையின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்து, நிறுத்திவைக்கிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அக்கா கீழேயிருந்து ஒவ்வொரு சுற்றாக, வாய்விட்டு எண்ணினாங்க, ஒன்று, இர— இந்தா வந்துட்டேன் அத்தை, பாப்பா அழுவுறது கேக்குது, வர்றேன்